உண்மைகளும் அபிப்பிராயங்களும்: இரும்பை இழுத்துப் பார்த்த ஒரு வீட்டின் கதை

லண்டனின் சதர்க் வீதியில் 99ஆம் இலக்கக் கட்டடத்தின் வாசலுக்கு மேலே மூன்றே மூன்று ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழில் சொல்வதானால்: உண்மைகள், அபிப்பிராயங்கள் அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வீதியில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கி அந்த வாசலைக் கடந்து போவேன். ஏதோ பழைய பத்திரிகைக் காரியாலயமாக்கும் என்றுதான் பல மாதங்களாக நினைத்திருந்தேன். பத்திரிகைகளைப் பற்றி அப்போது எனக்கிருந்த நல்லெண்ணம் அப்படி. அது இரும்பை இழுத்து முறித்துப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட கட்டடம் என்பது பின்னர்தான் தெரிந்தது.

இப்போது அதைப் பற்றி எழுதத் தூண்டியது அண்மையில் நண்பர்களிடையே நடந்த ஒரு விவாதம். புள்ளிவிபரங்கள் பற்றிய பேச்சில் ஒருவர் சொன்னார்: "அளவை என்பதே அதிகாரத்தின் மொழி. எதை அளப்பது, எப்படி அளப்பது என்று தீர்மானிப்பவன் விடையையும் தீர்மானித்துவிடுகிறான்." மற்றவர் பழைய இடதுசாரி, ஊரில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இரும்புக் கம்பி எத்தனை தொன்னில் முறியும் என்பதில் அதிகாரத்துக்கு என்ன வேலை? எண் எண்தான்" என்றார். பேச்சு அதோடு வேறெங்கோ போய்விட்டது. எனக்கு மட்டும் அந்த இரும்புக் கம்பி மனதிலிருந்து போகவில்லை. பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன் நான். அந்த இரண்டு வருடங்களில் கற்றதில் ஆய்வுகூடத்தில் ஒரு கோலை முறித்த பிற்பகல்தான் இன்றும் தெளிவாக நினைவிலிருக்கிறது.

உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்தவர்களுக்குத் தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு என்ற சொற்கள் நினைவிருக்கும். (தமிழகத்து நூல்கள் தகைவு, திரிபு என்று எழுதும்.) இழுக்கும் விசையைக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பால் பிரித்தால் தகைப்பு. கம்பி நீண்ட அளவை அதன் ஆரம்ப நீளத்தால் பிரித்தால் விகாரம். ஒன்று கூடும்போது மற்றதும் அதே விகிதத்தில் கூடும் என்பது 1678இல் ஊக் வெளியிட்ட விதி. வகுப்பறையில் இது ஒரு நேர்கோடு. ஆய்வுகூடத்தில்தான் அந்தக் கோடு எங்கே வளைகிறது என்பதைப் பார்க்க முடிந்தது.

விரல் தடிப்பான மென்னுருக்குக் கோலொன்றை இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கும் இடையில் பிடித்து மெதுவாக இழுத்தோம். முகப்பில் ஊசி சீராக ஏறியது. ஓரிடத்தில் தயங்கியது, சற்றுப் பின்வாங்கவும் செய்தது. ஆனால் கோல் நீண்டுகொண்டேயிருந்தது. அதுவரை விசையை விட்டிருந்தால் கோல் பழைய நீளத்துக்குத் திரும்பியிருக்கும். அதற்குப் பிறகு திரும்பாது. பின்னர் ஊசி மறுபடி ஏறி உச்சத்தைத் தொட்டது. கோலின் நடுவே ஒரு கழுத்து மெலிந்து வந்தது, ஊசி இறங்கத் தொடங்கியது, அறையை அதிரவைக்கும் சத்தத்தோடு கோல் இரண்டாயிற்று. முறிந்த முனையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சூடாக இருந்தது. அடுத்து ஒரு வார்ப்பிரும்புக் கோல். அதில் தயக்கமுமில்லை, கழுத்துமில்லை. எந்த முன்னறிவித்தலுமின்றி வெண்கட்டி போல் உடைந்தது. "எது பலமானது?" என்று விரிவுரையாளர் கேட்டார். நாங்கள் எல்லோரும் குறித்து வைத்திருந்த எண்களைப் பார்த்தோம். அவர் சிரித்துவிட்டு, எந்த ஊசி, எந்த நேரம் என்று மட்டும் திருப்பிக் கேட்டார்.

எங்கள் பேச்சுவழக்கில் 'பலமான சாமான்' என்பது எல்லாவற்றுக்கும் போதுமானது. கீறல் விழாததும் பலம், வளையாததும் பலம், விழுந்தால் உடையாததும் பலம். கண்ணாடி கீறல் விழாதது, ஆனால் உடைவது. இறப்பர் வளைவது, ஆனால் உடையாதது. இவற்றை வெவ்வேறு குணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஓர் அளவும் கொடுத்தது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேலை. அதுவும் சிந்தனையாளர்களின் ஓய்வுநேர வேலையாக நடக்கவில்லை. கொதிகலன்கள் வெடித்தன, அச்சுகள் முறிந்தன, பாலங்கள் விழுந்தன, ஆட்கள் செத்தார்கள். விற்பவன் சொல்வதை வாங்குபவன் நம்ப முடியாமற் போன இடத்திலிருந்துதான் இந்த அளவைகள் பிறந்தன. பல பாடநூல்கள் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுவதால்தான் அவை அவ்வளவு சலிப்பூட்டுகின்றன என்பது என் எண்ணம்.

சதர்க் கட்டடத்தின் சொந்தக்காரர் டேவிட் கேர்க்கால்டி. 1820இல் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் பிறந்தவர். 1843இல் கிளாஸ்கோவில் றொபேட் நேப்பியரின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் வரைபடப் பிரிவின் தலைவரானார். பேர்ஷியா என்ற நீராவிக் கப்பலுக்கு அவர் வரைந்த படங்கள் ஓவியர்களின் கூடமான ரோயல் அக்கடமியிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஐம்பதுகளின் பிற்பகுதியில் நேப்பியரின் கம்பனிக்கு ஒரு கேள்வி எழுந்தது. கொதிகலன்களுக்கும் கப்பல் எந்திரங்களுக்கும் அதுவரை பாவித்த தேனிரும்புக்குப் பதிலாகப் புதிதாகச் சந்தைக்கு வந்திருந்த உருக்கு வகைகளைப் பாவிக்கலாமா? தேனிரும்பு என்பது உலையில் பிசைந்து, அடித்து, உருட்டி எடுக்கப்படும் கரிமம் குறைந்த இரும்பு. அடித்தால் வளையும், வார்ப்பிரும்பு போல உடையாது. இரண்டையும் ஒப்பிடும் பொறுப்பு கேர்க்கால்டியிடம் வந்தது. 1858 தொடக்கம் 1861 வரை அவர் துண்டு துண்டாக இழுத்து முறித்தார். முடிவுகள் 1862இல் நூலாக வெளிவந்தன.

அதற்கு முன்பு இரும்பு வாங்குபவர் எதை நம்பினார்? முதலாவது, பெயரை. யோக்ஷயரின் லோமூர் போன்ற ஆலைகளின் முத்திரை இருந்தால் விலையும் கூட, நம்பிக்கையும் கூட. இரண்டாவது, கண்ணை. ஒரு துண்டை முறித்து முகத்தைப் பார்ப்பார்கள். நார்நாராக இருந்தால் நல்ல இரும்பு, பளிங்குமணிகள் போல் மினுங்கினால் கூடாத இரும்பு. இந்தக் கண்பார்வை நிபுணத்துவத்தின் மேல்தான் கேர்க்கால்டி கைவைத்தார். ஒரே தேனிரும்பை மெதுவாக இழுத்து முறித்தால் முகம் நார்நாராகவும், சடுதியாக முறித்தால் மணிமணியாகவும் இருக்கும் என்று காட்டினார். துண்டின் வடிவத்தை மாற்றினாலும் முகம் மாறியது. இரும்பின் பிறவிக்குணம் என்று நிபுணர்கள் சத்தியம் செய்த ஒன்று, உண்மையில் அதை முறித்த விதத்தின் விளைவு.

இங்கே என் முதலாவது நண்பர் தலையாட்டுவார்: பார், கேட்கும் விதம் விடையைத் தீர்மானிக்கிறது! ஆனால் கேர்க்கால்டி அந்த இடத்தில் நிற்கவில்லை. ஆகவே எதையும் அறியமுடியாது என்ற முடிவுக்கும் அவர் வரவில்லை. எந்த அளவுத் துண்டு, என்ன வடிவம், எந்த வேகம் என்று எழுதிவை, இன்னொருவன் அதையே செய்து பார்க்கட்டும் என்பதே அவர் எடுத்த முடிவு.

அவருடைய இன்னொரு வாதம் எனக்கு இதைவிடவும் முக்கியமானதாகப் படுகிறது. முறிக்கும் விசையை மட்டும் வைத்து இரும்பை மதிக்காதே என்றார். ஓர் இரும்பு பெரிய சுமையில் முறிகிறதென்றால் அது சிறந்த, செறிவான, நெகிழக்கூடிய இரும்பாக இருக்கலாம். அல்லது வெறுமனே விறைத்த, விட்டுக்கொடுக்காத இரும்பாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் எண் ஒன்றே. ஆகவே முறிந்த இடத்தில் கழுத்து எவ்வளவு மெலிந்தது என்பதையும் அளந்து அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதவேண்டும். மெலிந்து நீண்டு முறியும் பொருள் அதற்கு முன் எச்சரிக்கை தருகிறது. தன்மேல் வரும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. விறைத்த பொருள் அப்படிச் செய்யாது. இன்று எந்த உருக்குச் சான்றிதழிலும் முறிவு வலிமைக்குப் பக்கத்தில் நீட்சியும் பரப்புக் குறைவும் வீதமாகப் போடப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று இந்த வாதம்.

நேப்பியரை விட்டு விலகிய கேர்க்கால்டி தன் சொந்தக் காசில் ஓர் இயந்திரத்தை வடிவமைத்தார். லீட்ஸ் நகரின் கிரீன்வூட் அன் பற்லி கம்பனி அதைக் கட்டியது. 47 அடிக்கும் அதிக நீளம், 116 தொன் அளவில் எடை. 1866இல் சதர்க்கில் ஓரிடத்தில் தொழிலைத் தொடங்கி, 1874இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தார். இயந்திரம் இன்றும் அங்கேதான் படுத்திருக்கிறது. படுத்திருக்கிறது என்பது சரியான சொல். எங்கள் ஆய்வுகூடத்திலிருந்தது போல நிற்பதல்ல, கிடையாகக் கிடப்பது.

பின்னர் ஒருமுறை அதைப் பார்வையாளர்களுக்கு இயக்கிக் காட்டிய நாளில் உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு முனையில் நீரமுக்கத்தால் இயங்கும் உலக்கை துண்டை இழுக்கிறது. மறுமுனையில் நெம்புகோல்களும் எடைகளும், பெரிய தராசொன்றைப் போல, வந்துசேரும் விசையை நிறுக்கின்றன. நீரின் அமுக்கத்தைப் பார்த்தே விசையைக் கணக்கிட்டுவிடலாமே, எதற்கு இவ்வளவு பெரிய தராசு என்று கேட்டேன். உலக்கையின் உராய்வு அதில் எவ்வளவைத் தின்கிறது என்று தெரியாதல்லவா என்று காட்டிக்கொண்டிருந்த முதியவர் சொன்னார். இழுப்பது ஒரு முனை, நிறுப்பது மறு முனை. இழுப்பவனின் கணக்கை நிறுப்பவன் ஏற்றுக்கொள்வதில்லை. அந்த வீட்டின் தொழிலும் அப்படித்தான் அமைந்தது. கேர்க்கால்டி இரும்பு விற்கவில்லை, பாலம் கட்டவில்லை. யாரும் ஒரு துண்டைக் கொண்டுவந்து கட்டணம் கட்டினால் முறித்து எண்ணைக் கொடுப்பார். அந்த எண் ஆலைக்காரனுக்குப் பிடித்ததா இல்லையா என்பது அவர் பிரச்சினையல்ல.

1879 டிசெம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஏழே காலளவில், புயற்காற்றின் நடுவே, கேர்க்கால்டி பிறந்த டண்டி நகரை நோக்கி ரே ஆற்றைக் கடந்துகொண்டிருந்த புகையிரதத்தோடு பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் விழுந்தது. எவரும் தப்பவில்லை. ஏறக்குறைய இரண்டு மைல் நீளமான அந்தப் பாலம் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது 1878 யூனில். அதைக் கட்டிய தோமஸ் பௌச்சுக்கு விக்டோரியா மகாராணி 1879 யூனில் சேர் பட்டம் கொடுத்திருந்தார். விழுந்தது பதின்மூன்று உயர்ந்த கண்கள். அவற்றைத் தாங்கியவை வார்ப்பிரும்புத் தூண்கள். தூண்களைக் குறுக்காகப் பிணைத்தவை தேனிரும்புச் சட்டங்கள். சட்டங்களைப் போல்ட் போட்டு மாட்டுவதற்காகத் தூணோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தன காதுகள்.

விசாரணைக்கு மூவர் நியமிக்கப்பட்டார்கள். ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட துண்டுகள் சதர்க்குக்கு வந்தன. கேர்க்கால்டி சொந்த ஊரின் சாவுக்குக் காரணமானவற்றைத் தன் இயந்திரத்தில் பூட்டினார். வந்த விடையை நின்று கவனிக்க வேண்டும். வார்ப்பிரும்பு நல்ல வலிமையுள்ளது. தேனிரும்பும் அப்படியே. போல்ட்களிலும் குறையில்லை. ஆனால் சட்டமும் காதுமாகச் சேர்த்து இழுத்தபோது, பழுதில்லாத காதுகளே 20 தொன் அளவில் போய்விட்டன. எதிர்பார்க்கப்பட்டது அதைவிட மிக அதிகம். சோதித்த பதினான்கு காதுகளில் நான்கு அதற்கும் முன்னரே போயின. காரணம், காதுத் துளைகள் துளையிடப்படாமல் வார்ப்பிலேயே விடப்பட்டவை. வார்ப்புத் துளை ஒருபக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கி இருக்கும். போல்ட் துளை முழுவதிலும் அமர்வதில்லை, விளிம்பொன்றில் மட்டும் அழுத்துகிறது. முழுத் துளையும் தாங்கவேண்டிய சுமையை அந்த விளிம்பு தாங்குகிறது. பொருளில் குற்றமில்லை, பொருத்தில் குற்றம். சுத்தமான கோலை மட்டும் இழுத்துப் பார்த்திருந்தால், "இரும்பு நல்லது" என்ற முழு உண்மையோடு விசாரணை தவறான திசையில் போயிருக்கும். எண் எண்தான் என்ற நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

வார்ப்புப் பட்டறையின் கதை வேறு. தூண்கள் ஆற்றின் தென்கரையில் வேர்மிற்றில் வார்க்கப்பட்டவை. வார்ப்பில் விழுந்த ஓட்டைகளைத் தேன்மெழுகு, பிடில்காரர் பாவிக்கும் குங்கிலியம், இரும்புத்தூள், விளக்குக்கரி ஆகியவற்றைக் கலந்த பசையால் தொழிலாளர்கள் நிரப்பி மூடினார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. ஆய்ந்து உலர்ந்ததும் அது இரும்பு போலவே மினுங்கும். கண்பார்வை நிபுணத்துவத்துக்கு இதைவிடப் பெரிய பரிகாசம் வேண்டியதில்லை. பாலத்தைக் கவனிக்க அமர்த்தப்பட்ட ஹென்றி நோபிள் கட்டுவேலை தெரிந்தவர், இரும்புவேலை தெரியாதவர். 1878இலேயே பிணைப்புகள் கடகடவென்று ஆடும் சத்தத்தை அவர் கேட்டார். தளர்ந்த ஆப்புகளுக்கு இரும்புத் தகடுகளைச் செருகி இறுக்கினார். பௌச்சுக்கு அறிவிக்கவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தெரியாத வேலையை ஒரு மனிதனிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு அவன் பெயரை அறிக்கையில் எழுதுவது யாருக்கும் சுலபம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அளக்கப்படாத எண் இருந்தது: காற்று. பௌச் இந்தப் பாலத்துக்குக் காற்றின் அமுக்கத்துக்கென்று தனியாக எதையும் கணக்கில் சேர்க்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. ஃபோர்த் ஆற்றில் தான் கட்டத் திட்டமிட்டிருந்த இன்னொரு பாலத்துக்காக அவர் அரச வானியலாளர் ஏரியிடம் கேட்டிருந்தார். சதுர அடிக்கு 10 இறாத்தல் போதும் என்பது ஏரியின் கருத்து. நாட்டின் மிக உயர்ந்த விஞ்ஞானிகளுள் ஒருவர்; ஆனாலும் அது அபிப்பிராயம். பாலத்தைத் திறக்குமுன் பரிசோதித்த மேஜர் ஜெனரல் ஹட்சின்சன் எஞ்சின்களை வரிசையாக ஓட்டிப் பாரத்தைச் சோதித்தார். கடுங்காற்றில் புகையிரதம் போகும்போதும் பார்க்க விரும்புவதாக எழுதினார். அந்தச் சோதனை நடக்கவேயில்லை. இரும்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கு 116 தொன் இயந்திரம் இருந்தது. இரும்பின்மேல் எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு பெரிய மனிதரின் வாய்ச்சொல்தான் இருந்தது. விபத்துக்குப் பின் வர்த்தகச் சபை சதுர அடிக்கு 56 இறாத்தல் என்று விதித்தது. 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலத்தை பௌச் கட்டவில்லை. 1880 அக்டோபரிலேயே அவர் இறந்துவிட்டார்.

இன்னொன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். மூன்று விசாரணையாளர்களுக்கும் கிடைத்தவை கேர்க்கால்டியின் அதே எண்கள். வந்தவையோ இரண்டு அறிக்கைகள். குறுக்குப் பிணைப்புகளும் அவற்றின் மாட்டல்களும் போதிய வலிமையற்றவை என்பதில் அவர்களுக்கிடையே பிணக்கில்லை. பாலம் கெட்ட விதமாக வடிவமைக்கப்பட்டு, கெட்ட விதமாகக் கட்டப்பட்டு, கெட்ட விதமாகப் பராமரிக்கப்பட்டது என்றும் முதன்மையான பழி பௌச்சுடையது என்றும் தலைவர் றொதரி எழுதினார். பொறியியலாளர்களான யோலண்டும் பார்லோவும் பழிசுமத்தும் வேலையில் இறங்கவில்லை. காது 20 தொன்னில் போனது என்பதை எந்த அதிகாரத்தாலும் 60 ஆக்க முடியவில்லை. யார் பொறுப்பு என்பதை எந்த இயந்திரத்தாலும் சொல்ல முடியவில்லை.

கேர்க்கால்டியின் இயந்திரம் தவறவிடக்கூடிய ஒரு குணமும் உண்டு. அது துண்டை ஒரே தடவையில் இழுத்து முறிப்பது. பிரஷியாவில் புகையிரத அச்சுகளை ஆராய்ந்த ஔகுஸ்ற் வோலர் 1850களிலிருந்து 1870 வரை வேறொரு முறையில் சோதித்தார். முறிக்கப் போதாத சிறிய சுமையையே மறுபடி மறுபடி, இலட்சக்கணக்கான தடவைகள் கொடுத்தார். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாத சுமை, பல இலட்சமாவது தடவையில் அச்சை முறித்தது. இரும்பின் களைப்பு என்று அதற்குப் பெயர். ரே பாலத்தின் காதுகளும் இப்படிச் சிறுகச் சிறுக வெடித்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் வாதிடுகிறார்கள். அன்றைய காற்றே போதுமானது, வேறு காரணம் வேண்டியதில்லை என்கிறார்கள் வேறு சிலர். விழுந்த துண்டுகளின் பழைய நிழற்படங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இந்த விவாதம் நடக்கிறது.

இறந்தவர்களின் தொகைகூட அப்படித்தான். சேகரிக்கப்பட்ட பயணச்சீட்டுகளை வைத்துக் கணக்கிட்டதில் 75 என்ற எண் நூறு வருடங்களுக்கு மேலாக அச்சிடப்பட்டு வந்தது. பெயர் பெயராகத் தேடியதில் 59 பேரே உறுதியானார்கள். 46 உடல்கள்தான் மீட்கப்பட்டன. 2013 டிசெம்பர் 28இல் ஆற்றின் இரு கரைகளிலும் திறந்துவைக்கப்பட்ட நினைவுக் கற்களில் 59 பெயர்கள் உள்ளன. சீட்டுகளை எண்ணுவதற்கும் பெயர்களை எண்ணுவதற்கும் இடையிலுள்ள தூரம் எங்களுக்கு விளக்கவேண்டிய ஒன்றல்ல.

ஆற்றில் விழுந்த புகையிரத எஞ்சினை வெளியே எடுத்துத் திருத்தி, மீண்டும் ஓடவிட்டார்கள். அது 1919 வரை ஓடியது. ஊழியர்கள் அதற்கு 'சுழியோடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிய பாலம் 1887இல் திறக்கப்பட்டது. பழைய தூண்களின் அடித்தறிகள் அதற்குப் பக்கத்தில் நீர்மட்டத்துக்கு மேலே இன்றும் வரிசையாகத் தெரிகின்றன. விழாமல் நின்ற பகுதிகளிலிருந்த தேனிரும்பு உத்தரங்களைக் கழற்றிப் புதிய பாலத்தில் பொருத்தினார்கள். டண்டிக்குப் போகும் புகையிரதம் இன்றும் அவற்றின் மேலாகத்தான் போகிறது.